நான் நிறுத்திய பதினோரு நிமிடம்

சத்தத்தை வெட்டி ஒட்டிக் கலையாக்கியவர்கள் என்று நாலைந்து வெளிநாட்டு ஆண்களின் படம் பேப்பரில் வந்திருந்தது. எழுபதுகளிலேயே தாம்பரத்தில் ஒரு டீச்சர் அதைச் செய்துவிட்டார். ஊருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் மைக் செட் தொழிலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை என் குழாய் ஸ்பீக்கர் கட்டாத கல்யாணம் கல்யாணமே இல்லை. ஆம்ப்ளிஃபயர் முனகினால் அதற்கு எங்கே நோகிறதென்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காது.

சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கும் அந்த டீச்சர், பேட்டரியில் ஓடும் என் ஸ்பூல் டேப் ரெக்கார்டரை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்தார். பாட்டுப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இவரோ மின்சார ரயில் கிளம்புவதையும் பல்லாவரம் சந்தைக் கூச்சலையும் பிடித்துவந்து, என் கடை மேசையிலேயே டேப்பைப் பிளேடால் நறுக்கி ஒட்டினார்.

"இன்னா டீச்சர், ரயிலு சத்தத்த யாரு கேப்பா? சும்மாவே கேட்டுகினுதான கீறோம்?"

"சும்மா கேக்கறோம் அண்ணா. உக்காந்து கேட்டதில்ல," என்றார்.

பள்ளி ஆண்டு விழாவில் அதைப் போட, தலைமை ஆசிரியையிடம் மூன்று முறை நடந்து பதினோரு நிமிடம் வாங்கியிருந்தார். பாதியில் ஏதாவது ஆனால் இனி இந்தப் பேச்சே எடுக்க முடியாது என்று கவலைப்பட்டார். மெஷின் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று மார் தட்டினேன்.

விழாவன்று ரயில் நன்றாகத்தான் கிளம்பியது. நாலாவது நிமிடம் ஊதல் சத்தம் உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனது. சந்தைக் கூச்சல் தலைகீழாக வந்தது. டேப் திரும்பி ஓடுகிறது என்று என் காது கண்டுபிடித்துவிட்டது. ரீல் நேராகச் சுற்றுவதைக் கண் பார்த்தது. நான் காதைத்தான் நம்பினேன். மெஷினை நிறுத்தி, மைக்கில் மன்னிப்புக் கேட்டு, ஒரு பக்திப் பாட்டு ரெக்கார்டைச் சுழலவிட்டேன். கூட்டம் கை தட்டியது. மானத்தைக் காப்பாற்றிய பெருமையோடு திரைச்சீலைப் பக்கம் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. நின்றுபோன ரீலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடைக்கு வந்து, அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே திருப்பி ஒட்டியது என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். திட்டவில்லை. இனிப் பள்ளி மேடையில் அதற்கு இடமில்லை என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டாராம்.

"நீங்களாவது முழுசா கேளுங்க அண்ணா."

கடைக்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நான் நிறுத்திய இடத்தைத் தாண்டியதும் ஒரு குரல், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றது. என் குரல். எந்தக் கல்யாணத்தில் பிடித்தாரோ, அதைத் துண்டு துண்டாக்கி ரயில் சக்கரத்தின் தாளத்துக்கு ஓடவிட்டிருந்தார். மிச்ச ஏழு நிமிடமும் நான்தான். ஊர் கேட்க இருந்த என்னை ஊர் முன்னாலேயே நிறுத்தியவனும் நான்தான்.

எப்படி இருந்தது என்று கேட்டார். நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இன்னொரு தபா போடுங்க டீச்சர்," என்றேன்.