தரணீதரனின் கூடாரம்

தேங்காய் பன்னைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டே, ஒற்றை விரலால் தரணீதரன் டைப் அடிப்பார்: ‘நான் சாயப்பட்டறையில் கேம்ப் அவுட் செய்திருக்கிறேன்.’ ஏசி அறையில் விரல் விறைக்கிறது என்று இடையில் ஒருமுறை உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்வார். மெயில் டென்மார்க்குக்குப் போகும். ஏழு மணிக்கு அவர் திருப்பூர் ராயபுரத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போவார்.

பனியன் கம்பெனியில் அவர் மெர்ச்சன்டைசர். ஆர்டர் கப்பலேறும்வரை, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் பதில் சொல்வது வேலை. ‘கேம்ப் அவுட்’ என்ற சொல்லை, சிடியோடு விற்ற ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து எடுத்தார். ஆபீசில் எல்லோருக்கும் விளக்கம் உண்டு. “காட்டுக்குள்ள கூடாரமடிச்சுப் படுக்கறது மொத அர்த்தமுங்க. காரியம் முடியற வரைக்கும் எடத்த உட்டு நவுறாம டேரா போடறது ரெண்டாவது. நம்முளுது ரெண்டாவது.” ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் சாயப்பட்டறை, எம்பிராய்டரி, தூத்துக்குடி துறைமுகம் என்று மூன்று இடங்களில் டேரா போட்டார். நாற்காலி நகரவில்லை.

நகராமல் கிடந்தவன், கம்பெனி சாயப்பட்டறைக்கு அனுப்பும் முனீஸ். சாத்தூர்ப் பக்கத்துக்காரன். சிவப்புத் துணி சாயத்துக்குப் போனால், நிறம் ஒத்துவரும்வரை பட்டறையை விட்டு வரமாட்டான். துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங் மெஷினுக்குப் பின்னால் அவன் படுக்க ஒரு பலகை, வேஸ்ட் துணி திணித்த தலையணை. அங்கிருந்து தன் நோக்கியாவில் அவன் சொல்வதெல்லாம் மெயிலில் ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று மாறும்.

பையர் அம்மாள் திருப்பூர் வருகிறாள் என்றதும் முனீஸ் ஒன்றே ஒன்று கேட்டான். “எம்பேர அந்தம்மாட்ட ஒருதடவ சொல்லிருங்க சார். அது போதும்.” பையர் வாயில் வந்த பெயரை முதலாளி மறக்கமாட்டார். பேக்கிங் கந்தப்பன் போன வருஷம் அப்படித்தான் சூப்பர்வைசர் ஆனான்.

“அதுக்கென்ன கண்ணு, சொல்லிப்போடலாம்” என்றார் தரணீதரன்.

அவள் கம்பெனிக்குள் வந்து உட்காரக்கூட இல்லை. இத்தனை மாதம் நீங்கள் டேரா போட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். காரில் போகும்போது தரணீதரனுக்குக் கழுத்து வேர்த்தது. பட்டறைக்குள் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியாது. முனீஸ் வாசலில் நின்றான். சட்டையின் மேல் பித்தானையும் போட்டிருந்தான். அவன் முன்னால் நடக்க, அவர்கள் பின்னால் போனார்கள்.

பலகையைக் கண்டதும் தரணீதரன் பிழைத்துக்கொண்டார். “இங்கேதான் மேடம்” என்றார் இங்கிலீஷில்.

அவள் நெஞ்சில் கைவைத்தாள். ஊருக்குக் கொண்டுபோக ஒரு போட்டோ வேண்டும், படுத்துக் காட்டுங்கள் என்று கேமராவை எடுத்தாள்.

தரணீதரன் ஷூவைக் கழற்றி முனீஸிடம் நீட்டினார். குனிந்து தலையணையைப் பார்த்தார். நடுவில் எண்ணெய்க் கறை. கைக்குட்டையை எடுத்து, நாலு முனையும் இழுத்துவிட்டு அதன்மேல் விரித்தார். பிறகு தலையை வைத்துக் கண்ணை மூடினார்.

போட்டோ எடுத்தபின் அவள் திரும்பி, கையில் ஷூவோடு நின்றவனைப் பார்த்துச் சிரித்தாள். இவர் யார் என்று தரணீதரனிடம் கேட்டாள். அந்த அளவு இங்கிலீஷ் முனீஸுக்குப் புரியும். அவன் நிமிர்ந்து நின்று, பலகையைப் பார்த்தான்.

தரணீதரன் கண்ணைத் திறக்கவில்லை. வாயை லேசாகப் பிளந்து, அவள் சிரிக்கும்படி, குறட்டை விட்டார்.