படத்தில் தொங்கிய கை

ஆம்பூர் பஜாரில் ஒரு மாடியறையை இரண்டு ஓவியர்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குத் தோல் விலையும் ஊர்ச் செய்தியும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்த நான், பக்கத்து அறையில் குடியிருந்தேன். வேலை இல்லாத பொழுதில் அவர்கள் அறையில்தான் இருப்பேன்.

ஒருவர் படக்காரர். இறந்துபோனவர்களின் போட்டோவைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக எழுதித் தருவார். வீட்டார் கேட்பது ஒன்றுதான்: நிறம் கொஞ்சம் சிவப்பாக இருக்க வேண்டும். அதனால் அவர் எழுதிய செத்தவர்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள்.

மற்றவரைப் பாய் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். தோல் மண்டிகளின் பெயர்ப்பலகைகளும், கப்பலுக்குப் போகும் தோல் கட்டுகளின் மேல் மார்க்கும் எழுதுகிறவர். நூல் பிடிக்காமல் நேர்கோடு போடுவார். அந்தக் கோட்டுக்காகத்தான் மண்டிக்காரர்கள் வேலூரிலிருந்து ஆள் கூப்பிடாமல் இவரிடம் வந்தார்கள். முனை கூர்மையாக நிற்பதற்காக, சபேதாவில் தோய்த்த பிரஷை ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் உதட்டில் வைத்து ஒரு சுற்று உருட்டுவார். சபேதா ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை. பலகை எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

உயிரோடு இருக்கிற ஒருவரை உள்ளது உள்ளபடியே எழுதிப் பார்க்க வேண்டும் என்று படக்காரருக்கு ஆசை. மண்டிகளுக்கு லீவான வெள்ளிக்கிழமைகளில், தொழுகை முடிந்து வந்து ஜன்னலோரம் உட்காரப் பாய் ஒப்புக்கொண்டார்.

"வூட்ல மாட்ட மாட்டேன், ஆமா. இங்கியே கெடக்கட்டும்," என்றார். "செத்தவனுக்கு அடிக்கிற மாதிரி எனக்கும் செவப்படிச்சுடாதே."

"நீ மொதல்ல சாவு, அப்புறம் அடிக்கிறேன்," என்றார் படக்காரர்.

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கு வெள்ளி படத்தில் அந்த முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. படக்காரரின் வண்ணத் தட்டில் சிவப்பு குறைந்து சாம்பல் கூடியது. சிரிக்கும் வாயில் ஈறோரமாக மெல்லிய நீலக் கோடு ஒன்று வந்தது. ஏதோ நிழல் என்று நினைத்துப் பாயின் வாயைப் பார்த்தேன். கோடு அங்கேயும் இருந்தது.

"இன்னா தோஸ்த், சுண்ணாம்புல ஊறுன தோலு மாதிரி ஆக்கிட்டே?"

"இருக்கறதைத்தான் எழுதறேன்."

"வயிறு கொஞ்ச நாளா பேஜாரு. சோறு எறங்கல. அதைப் போய் எழுதுவியா?"

படக்காரர் பிரஷைத் துடைத்துவிட்டு மறுபடி சாம்பலில் தோய்த்தார்.

கைகளைக் கடைசியில் எழுதினார். இடது கை முழங்கால்மேல் சாதாரணமாக இருந்தது. வலது கை நாற்காலிப் பிடியிலிருந்து மணிக்கட்டோடு மடங்கித் தொங்கியது, ஆணியில் மாட்டிய ஈரத் துணி மாதிரி. அந்த வாரம் பெரிய மண்டி ஒன்றின் வாசல் பலகையைப் பாய் பாதியிலேயே நிறுத்தியிருந்தார். கேட்டதற்கு, வெயில் ஜாஸ்தி என்று சொன்னார்.

படத்தைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"என் கை இப்படியா இருக்கு? மண்டிக்காரன் எவனாவது பாத்தா அப்புறம் பலகை குடுப்பானா? பொழப்புல மண்ணைப் போடறியா?"

"தூக்கிக் காட்டு பாய். மாத்திடறேன்."

"நீ இன்னா மாத்தறது? நகரு."

தன் பிரஷை எடுத்துச் சபேதாவில் தோய்த்தார். உதட்டில் வைத்து உருட்டினார். படத்துக்கு முன்னால் போய் நின்றார். தோள் உயர்ந்தது, முழங்கை உயர்ந்தது. மணிக்கட்டு வரவில்லை. பிரஷ் முனை படத்தில் பட்டு, எழுதியிருந்த முழங்காலின் மேல் கோணலாக ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டு இறங்கியது.

இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விட்டதும் விழுந்தது.

படக்காரர் கெட்டுப்போன படத்தைப் பார்க்கவில்லை. பாயின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"துப்பு பாய்," என்றார். "மொதல்ல துப்பு. ஈயம் அது, வெஷம்."

பாய் படத்திலிருந்த கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பழக்கத்தில் உதட்டை நாக்கால் துடைத்து விழுங்கினார்.