லயத்து வீடும் குவாண்டம் கணினியும்

உதவியவர் விரும்பியவாறு வாழ்ந்து காட்டுவதே நன்றியறிதலின் நிறைவு. அந்நிறைவு வாய்க்கப்பெற்றவர், மூணாறை அடுத்த பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கணினி அறிஞர் சிவசங்கரி.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, கணினிக் கட்டமைப்பில் ஆராய்ச்சி செய்யப் பெங்களூரில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த மாதமே தந்தை சின்னமுத்து தேயிலை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றார். தாய் முன்பே மறைந்திருந்தார். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு தொழிலாளிக்கே உரியது; பிள்ளைகளுள் ஒருவர் வேலைக்குப் பேர் பதியாவிட்டால் அதை ஒழித்துக் கொடுத்தாக வேண்டும். போக்கிடம் வேறில்லை. மூத்தவள் கடமை தன்னது என்று துணிந்து, சிவசங்கரி, பேர் பதியுமுன் கொழுந்தெடுத்துப் பழகக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினார்.

அன்று மாலை, விடுமுறைதோறும் அம்மாவோடு கொழுந்தெடுத்துப் பழகிய தங்கை செல்வலட்சுமி, அந்தக் கூடையைக் கிளறிப் பார்த்துச் சிரித்தாள்.

“எக்கா, ஆட்டுக்குத் தழை ஒடிச்சிட்டு வந்தியா? பூராம் முத்துன எலை!”

“பழகிட்டா வந்துரும்டி.”

“நீ பழகுறதுக்குள்ள தோட்டத்தையே இழுத்து மூடிருவாங்க. பேசாம பொட்டியக் கட்டு. நான் பேரு பதிஞ்சுக்கிறேன்.”

“ஒனக்கு நர்சு படிக்கணும்னு ஆசைல்ல?”

“அது ஆசை. ஒனக்குக் கணக்கு இல்லாட்டி சோறே எறங்காது. போ.”

மறுநாள் தோட்டத்து அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக நின்று செல்வலட்சுமி பேர் பதிந்தாள். வீடு தங்கியது, அக்காள் மூணாறில் பேருந்து ஏறினார்.

நினைவகத்திலிருந்து செயலிக்குத் தரவு தாமதமின்றி வந்து சேரும் வழிகளைச் சிவசங்கரி ஆண்டுக்கணக்கில் வகுத்தார். பெயரும் பதவியும் நிலைத்தபின், நாற்பதாம் வயதில், அவற்றை விடுத்துக் குவாண்டம் கணினிக்கு மாறினார். தம் மாணவர் வயதினரோடு அமர்ந்து அரிச்சுவடியிலிருந்து பயின்றார். சிறு வெப்பத்துக்கும் நிலைகுலையும் அக்கணினியைப் பிழைபடாது இயக்கும் சுற்றுகளை இன்று வடிவமைக்கிறார். ஆய்வு கைகூடாத நாள்களில் பள்ளிவாசலின் மூடுபனியும், ஆலையில் வாடும் இலையின் மணமும், தங்கையின் அந்தச் சிரிப்பும் நெஞ்சில் எழும். ஊருக்கே திரும்பிவிடலாமா என்றிருக்கும்.

சென்ற மார்கழியில் செல்வலட்சுமி ஆய்வுக்கூடத்தைக் காண வந்தாள். விண்வெளியினும் குளிர்ந்த கலத்துள் கணினி இயங்குகிறது என்று கேட்டதும் கைகொட்டினாள்.

“இதுக்கா இம்புட்டு மிசினு? நம்ம லயத்துல கொண்டாந்து வச்சிருக்கலாம்ல!” என்றவள், அக்காவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “வீட்டப் பத்தி எனக்குக் கவலையில்லக்கா. நீ பாதியில திரும்பி வந்துருவியோன்னுதான் பயந்துகிட்டே கெடந்தேன்.”

“ரெண்டு தடவ பையக் கட்டிட்டேன்டி.”

“வந்திருந்தா அதே பையோட திருப்பி பஸ் ஏத்தியிருப்பேன்.”

சிவசங்கரி சிரித்தார், கண்கள் நனைந்தன.

குன்றுறை குமரன் இவ்விரு சகோதரியர் குடியையும் காக்க. அவர்தம் அடுப்பில் கதகதப்பும், மக்களிடத்துக் கல்வியும், மனைமுழுதும் நகையொலியும் நாளும் பெருகுக.