செவ்வாய்க்கிழமைப் பாடம்

செவ்வாய்க்கிழமை காலையில் மெத்வல்லி மாத்திரை போடுவதில்லை. மனைவி இன்ஷிராஹ் தண்ணீரும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பாள். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொள்வதுபோல் போட்டுக்கொண்டு, அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும் எடுத்து அங்கிப் பைக்குள் நழுவவிடுவார். அவளுக்குத் தெரியாது என்று அவர் எண்ணம். அந்த அங்கியைத் துவைக்கிறவளே அவள்தான்.

“கண்ணு தொங்குறதுக்கு இவ்வளவு பெருமையா? என்னமோ மந்திரி பதவி கெடச்ச மாதிரி கெளம்புறீங்க!” என்பாள்.

“மந்திரி இல்லாமகூட நாடு ஓடும்டி. நான் போகலன்னா வகுப்பு ஓடாது” என்பார் அவர்.

தந்தா நகரத்தில், பெரிய மருத்துவமனைக்குப் பின்சந்தில், அவருக்கு ஒரு இஸ்திரிக் கடை. மருத்துவ மாணவர்களின் வெள்ளை மேலங்கிகளில் பாதிக்கு மேல் அவர் தேய்த்தவை. சில வருடங்களாக அவருக்கு ஒரு வியாதி. நரம்பு இடுகிற கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. காலையில் நன்றாக இருக்கிற கை நாலு சட்டை தேய்த்ததும் ஓய்ந்துவிடும். சற்று உட்கார்ந்தால் திரும்பவும் வரும். கண்ணிமையும் அப்படித்தான், நேரம் போகப்போகத் தொங்கிவிடும். மாத்திரை போட்டால் நாலு பேரைப்போல இருப்பார். சங்கடமே அங்கேதான். நாலு பேரைப்போல இருக்கிறவரைச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் நாற்காலியில் உட்காரவைத்து மாணவர்களுக்கு எதைக் காட்டுவது?

நரம்பியல் பிரிவு என்றாலே மாணவர்களுக்குக் கிலி. முடித்துவிட்டுப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவைக்கும் புத்திமதிகள் உண்டு. “முட்டியத் தட்டுற சுத்தியல இறுக்கிப் புடிக்காத, அது தானா விழணும். குண்டூசியும் பஞ்சும் எப்பவும் பையில இருக்கட்டும். நோயாளி வாசல்ல நுழையறப்பவே நடையப் பாத்துடு. பேராசிரியர் பஹ்கத் என்ன நோய்னு முதல்ல கேக்க மாட்டாரு. பழுது எங்கன்னுதான் கேப்பாரு. மூளையா, தண்டுவடமா, நரம்பா, தசையா? முழிச்சியோ, தொலைஞ்ச. அப்புறம், மெத்வல்லி சாச்சாவுக்குச் சக்கரை தூக்கலா ஒரு டீ வாங்கிக் குடுத்துடு.”

டீ எதற்கென்றால், தேர்விலும் அவர்தான் நோயாளியாக உட்காருவார். மாணவன் திணறினால் உதடு அசையாமல் ஓதிவிடுவார்: “மேலயே பாக்கச் சொல்லு டாக்டர். இன்னும் கொஞ்சம். அவசரப்படாத, விழும்.” சொன்னபடி இமையும் விழும். ஸலாம் சொல்லாமல் நேரே கையைப் பிடித்து முறுக்குகிறவனுக்கு மட்டும் வாயே திறக்கமாட்டார். அப்படிப்பட்டவன் தவறான விடை சொல்லும்போது ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யாராவது அவரை நோயாளி என்றால் கோபம் வரும். “நோயாளிங்க வார்டுல படுத்திருக்காங்க. நான் பாடம்.”

மாத்திரை விஷயத்தில் ஒருமுறை பஹ்கத்திடம் பிடிபட்டிருக்கிறார். “இனி ஒருதரம் போடாம வந்தீங்கன்னா இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. காட்டுறதுக்கு எனக்கு வேற ஆளு கெடைக்கும்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் பேராசிரியர். வேற ஆள் என்ற அந்த இரண்டு சொல் மெத்வல்லியைச் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து திருந்தினாரா என்றால் இல்லை. பொய் சொல்லப் பழகிக்கொண்டார்.

போன வாரம் நல்ல குளிர். குளிரில் அந்த இமைக்குத் தெம்பு வந்துவிடும். வெகுநேரம் மேலே பார்த்தும் அது அசையவில்லை. “இன்னைக்கு உங்க கண்ணு லீவு போல” என்று சிரித்துவிட்டுப் பேராசிரியர் மாணவர்களை அடுத்த கட்டிலுக்குக் கூட்டிப்போய்விட்டார். அவர்கள் முதுகைத்தான் மெத்வல்லி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அவமானம் வாரம் முழுக்கச் செரிக்கவில்லை. இந்தமுறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே மாத்திரைகள் பைக்குள் போயின.

செவ்வாயன்று பேராசிரியர் பக்கத்து வார்டில் இருந்தார், ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார். அவரைச் சோதித்துப் பார்க்கும் முறை ஷாஹிந்தாவுடையது. குழுவில் அதிகம் பேசாத பெண். மேலே பார்க்கச் சொல்லாமல், பெயர் என்ன, எப்போது தொடங்கியது, எது கஷ்டமாக இருக்கிறது என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

“இதெல்லாம் எதுக்கு? பழுது எங்கன்னு ஊருக்கே தெரியும். கண்ணப் பாரு, முடி” என்றான் அதே குழு மாணவன் லுத்ஃபி. அவனுக்குப் பசி.

மெத்வல்லிக்கோ கொண்டாட்டம். இவ்வளவு மரியாதையாக அவரை யாரும் கேட்டதில்லை. ஒரு நீதிபதியின் சட்டைமேல் இஸ்திரிப்பெட்டியோடு கை ஓய்ந்துபோய், சட்டை கருகிய கதையை விஸ்தாரமாகத் தொடங்கினார். பாதிக் கதையில் குரல் மூக்குக்குப் போயிற்று. ஒரு வாய் டீ குடித்தார்; அது மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.

“அடேயப்பா, புத்தகத்துல இருக்கிற மாதிரியே!” என்றான் லுத்ஃபி. மெத்வல்லி பெருமையோடு சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு முகத்துக்கு வந்து சேரவில்லை.

ஷாஹிந்தா மட்டும் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சாச்சா, மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?”

“போட்டேன் டாக்டரம்மா.”

“மூச்ச நல்லா இழுத்துக்கிட்டு, ஒரே மூச்சுல ஒண்ணுலேருந்து எண்ணுங்க பாப்போம்.”

எண்ணிக்கை ஏழைத் தாண்டவில்லை.

அவள் நாற்காலி சாய எழுந்தாள். “ஆக்சிஜன் கொண்டாங்க! சாரைக் கூப்பிடுங்க! மூச்சு முட்டுது இவருக்கு!” அதற்குமுன் அவள் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

“என்ன இது, இன்னும் கண்ணையே பாக்கல” என்றான் லுத்ஃபி.

“என் வகுப்பக்... கெடுக்காத...” என்று மெத்வல்லியும் அவள்மேல்தான் பாய்ந்தார். பாதிச் சொல் வெளியே வரவில்லை.

பேராசிரியர் ஓடிவருவதற்குள் கட்டிலில் சாய்த்து முகமூடி மாட்டிவிட்டார்கள். இரண்டு இமைகளும் இறங்கி முழுக்க மூடிக்கொண்டன. இத்தனை அழகாக அவை ஒருநாளும் விழுந்ததில்லை, பார்த்து ரசிக்கத்தான் ஆளில்லை.

“மருந்து குறைஞ்சாலும் இப்படி ஆகும், மிஞ்சினாலும் இப்படி ஆகும்” என்றார் பஹ்கத், நாடியைப் பிடித்தபடி. “மிஞ்சினதுன்னா, இன்னும் குடுக்கிறது நாமளே கழுத்த நெரிக்கிற மாதிரி. போட்டாரா, இல்லையா?”

“போட்டேன்னு சொன்னாரு சார். எல்லாரும் கேட்டோம்” என்றான் லுத்ஃபி.

நர்ஸ் அதே மருந்து ஏற்றிய ஊசியோடு பேராசிரியரைப் பார்த்தாள். பேராசிரியர் யோசித்தார்.

காதுக்கு இந்த வியாதி வராது. மெத்வல்லிக்கு எல்லாமே கேட்டது. உண்மையைச் சொன்னால் இனி செவ்வாய்க்கிழமை கிடையாது, டீ கிடையாது, டாக்டர்கள் சூழ்ந்து நிற்கிற நாற்காலி கிடையாது. பின்சந்தும் இஸ்திரிப்பெட்டியும்தான். மூச்சு முட்டுகிற அந்த நேரத்திலும் மனுஷனுக்கு அதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

ஷாஹிந்தா அவர் காதருகே குனிந்தாள். “சாச்சா, உங்க வகுப்பு எங்கயும் போயிடாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கு நீங்க உசிரோட வேணும். நெஜமாவே போட்டீங்களா?”

மெத்வல்லியின் கை கட்டிலிலிருந்து மெல்ல எழுந்தது. ஒருமுறை விழுந்து, மறுபடியும் எழுந்தது. ஒரு விரலால் வலது இமையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றைக் கண்ணால் அவள் முகத்தை நேராகப் பார்த்து, இல்லை என்று தலையை அசைத்தார்.