போனில் அகப்படாத புரம்

மஹய்யாவவிலிருந்து கண்டி டவுனுக்கு இறங்கினால் புடவைக்கடை நானாவிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்புவேன். அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற எனக்கும் வியாபாரம் படுத்துவிட்ட அவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஓர் அரசியல்வாதியின் பெயரைச் சொல்லி, அதே பெயரில் உலகத்தில் எங்காவது ஊர் இருக்கிறதா என்று அவருடைய போனில் தேடுவோம். இதுவரை பதினாறு அகப்பட்டிருக்கின்றன. வரியைக் கூட்டிய அமைச்சர் பிரேசிலில் ஓர் ஆற்றங்கரைக் கிராமம். ஓயாமல் கட்சி மாறுகிறவர் பின்லாந்தில் ஒரு தீவு.

"அங்கயாவது ஒரு எடத்தில நிக்கிறாரே" என்றார் நானா.

எங்கள் மலையகத் தலைவர் ஒருவர் மட்டும் எந்தக் கண்டத்திலும் அகப்படவில்லை. அவர் மடுல்கெல்லயில், ஒரு பெயர்ப்பலகையில் இருந்தார். என் தங்கை இருக்கும் தோட்டத்தில் மண் சரிந்து லயத்து வீடுகள் போன பிறகு, தனி வீடுகள் கட்டித் தருவதாகக் கல் நட்டார்கள். வீடு வருமுன் பெயர் வந்துவிடுவதுதானே இங்கே வழக்கம். அவர் பெயரோடு 'புரம்' சேர்த்துப் பலகை வைத்தார்கள். குலுக்கலில் தங்கைக்கு மூன்றாம் இலக்க வீடு விழுந்தது. பலகையைச் சுற்றி இன்றைக்கும் மானாப்புல்தான்.

தோட்டத்தில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கைமாறி வந்தால் உண்டு. தங்கைக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று முழுவதும் மங்கி, மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது. கண்டியில் கிளினிக்குக்கு வந்தவள், சத்திரசிகிச்சைத் திகதியை அறிவிப்பதற்கு விலாசம் கேட்டபோது, இலக்கம் மூன்று என்று தொடங்கி அந்தப் புரத்தைச் சொல்லியிருக்கிறாள்.

மாதக்கணக்காகத் தகவல் இல்லை. கூட்டிக்கொண்டு போய் விசாரித்தேன். அப்படி ஓர் ஊரே இல்லையென்று கடிதம் திரும்பிவிட்டதாம், திகதியும் கடந்துவிட்டதாம். இனி வரிசையின் கடைசியில்தான் சேர்க்கலாம் என்றாள் மேசையில் இருந்த பெண். அவள் மேல் குறை சொல்ல முடியாது. சரியான விலாசத்தைக் கேட்டாள். நான் என் வீட்டு விலாசத்தைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். தங்கை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாண்ணே. வேற வெலாசம் குடுத்தேன்னு தெரிஞ்சா வீட்ட வெட்டிருவாங்க."

"வீடு எங்கம்மா இருக்கு?"

"பேரு வச்சிட்டாங்கல்ல. கட்டத்தானே வேணும்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் மஹய்யாவ விலாசத்தையே எழுதவைத்தேன். கச்சேரியில் இருந்த காலத்தில் எத்தனை பேருடைய பெயர் பட்டியலிலிருந்து எந்தெந்தக் காரணத்துக்காக வெட்டுப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவள் பயம் வெறும் பயமில்லை.

பஸ் ஸ்டாண்டில் என் கையைத் தடவிப் பிடித்துத்தான் படியேறினாள். சீற்றில் உட்கார்ந்த பிறகு நான் நின்ற ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பஸ் புறப்படும்வரை கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.