கூரை ஏறிய சேவலும் அக்காவின் பலாப்பிஞ்சுக் கறியும்

அக்காவின் இந்த நினைவு மலரைப் படித்து முடிப்பதற்குள் என் மானம் எப்படியும் போய்விடும். ஆகையால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்: கையில் எண்ணெய் தடவாமல் பலாப்பிஞ்சை வெட்டியவன் நான்.

கடந்த நத்தார் என்னும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை, பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், அக்காவின் வீட்டு அடுப்படியில் அது நடந்தது. பலாப்பால் என் விரல்களை ஒன்றாக ஒட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆறுதல் சொல்ல வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என் கையைப் பிடித்தார். பிடித்தவர் எடுக்க முடியாமல், சொல்ல நினைத்ததைவிட அதிகமாகவே ஆறுதல் சொன்னார். அக்காவின் மகள் ரூபிதான் தேங்காயெண்ணெய் ஊற்றி எங்களைப் பிரித்தாள்.

"எண்ணெ தடவாம யாராச்சும் பெலாக்காயத் தொடுவாங்களா மாமா? அம்மா பாத்திருந்தா..."

"பாத்திருந்தா சிரிச்சிருக்கும்."

"கத்தியப் புடுங்கியிருக்கும்."

அவள் சொன்னதே சரி. அக்கா என்னை நம்பிக் கத்தியைக் கொடுத்ததில்லை.

அக்கா கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் வரிசை வீட்டுக் காம்பராவில் பிறந்தார். எங்கள் தந்தையார் தேயிலை கவ்வாத்து வெட்டியவர். தாயார் கொழுந்து பறித்தவர். தாயார் காலமானதும் அக்கா பள்ளியை விட்டுக் கூடையை எடுத்தார். அந்த உழைப்பில் என்னைப் படிக்க வைத்தார். படிப்பின் பலனைப் பதுளை பஸ் நிலையத்தருகே எவரும் காணலாம். அங்கே நான் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன். பிள்ளையை வளர்த்தவரைக் குறை சொல்வது முறையல்ல. விதை அப்படி.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த மச்சானைக் கைப்பிடித்துப் பசறைப் பக்கம் வந்த பின், அக்காவுக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. மலைக்குப் போகும் தாய்மார் காலையில் விட்டுச்செல்லும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் வேலை அது. ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் எனக்கென்று சேர்த்து வைத்தார் போலும்.

பிள்ளைகளைத் தூங்க வைக்க அவர் கதை கட்டுவார். அவற்றில் ஒன்று நத்தார்ச் சேவலின் கதை. ஒரு வீட்டில் நத்தாருக்கென்று சேவல் வளர்க்கிறார்கள். முதல் நாள் அது கூரையில் ஏறிக்கொண்டு, "என்னையத் தின்னுப்புட்டா நாளைக்கு விடியக் கோயிலுக்கு உங்கள யாரு எழுப்புவா?" என்று கேட்கிறது. சேவலுக்குப் பதிலாகப் பலாப்பிஞ்சைக் கறியாக்குகிறார்கள். சேவல் கூரையிலிருந்து கூவி, சாப்பிட உத்தரவு கொடுக்கிறது.

கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து, "அந்தக் கறி எங்களுக்கு எப்ப ஆயம்மா?" என்று கேட்டுவிட்டது. அந்த வருடமே அக்கா நத்தாருக்கு முதல் நாள் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் செய்து கொடுத்தார்; பிறகு அது வருடாவருடம் நடந்தது. தோல் சீவிய பிஞ்சை முழுதாக மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, கீறி, வறுத்து அரைத்த மல்லியும் மிளகாயும் கறுவாவும் அடைத்து, கட்டித் தேங்காய்ப்பாலில் வற்ற விடுவார். வெலிமடை லீக்ஸ் இலையை வகிர்ந்தால் வால். சிவப்பு மிளகாயைப் பிளந்தால் கொண்டை. மாமிசம் இல்லையாதலால் பக்கத்து லயத்தில் மார்கழி விரதம் இருப்பவர்களும் வந்து உட்காருவார்கள். பிள்ளைகள் ஒரே குரலில் "சேவல் எங்க?" என்று கேட்பார்கள். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியருகே மறைந்து நிற்கும் மச்சான் கூவுவார். அந்தக் கூவல் கேட்காமல் ஒரு பிள்ளையும் தட்டில் கை வைக்காது. வருடம் முழுக்கப் பேசாத மனிதர் வாய் திறக்கும் நாள் அது.

சென்ற தவக்காலத்தில் அக்காவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. சில நாள் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்து, அமைதியாகக் காலமானார். கடைசியாக என்னிடம் சொன்னது, "மெதுவாப் போடா" என்பது. நான் அப்போது கட்டிலருகே நின்று பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆண்டு திரும்பும்வரை துக்க வீட்டில் பலகாரம் சுடுவதில்லை. வேதக்காரர்களான எங்களுக்கும் அந்த வழக்கம் உண்டு. மச்சான் நத்தார் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைக் காம்பராவில் இப்போது வேலை செய்யும் ரூபியிடம் பிள்ளைகள் அந்தக் கறியைப் பற்றித் தினமும் விசாரித்தார்கள். நான் தூது போனேன்.

"பலகாரந்தான் கூடாது மச்சான். கறிக்கு யாரு தடை போட்டா?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆக்குறதுன்னா ஆக்கு. நான் கூவ மாட்டேன்."

அக்காவின் நோயிலும் இறுதிக் கிரியையிலும் துணை நின்றவர்களை இங்கே நினைக்கிறோம். மழையில் பாதையைச் சீர் செய்து பெட்டியைச் சுமந்த தோட்டத்து இளைஞர்கள், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய பக்கத்து லயத்துச் சகோதரிகள், அப்புத்தளையிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் வந்த சொந்தங்கள், செபம் சொன்ன சாமியார், கையை மீட்டுக்கொண்டு போன கணக்கப்பிள்ளை, அனைவருக்கும் நன்றி. மச்சானுக்கு மட்டும் இப்படிச் சொல்லிக் கடக்க முடியவில்லை. நான் பலாப்பிஞ்சை வெட்டிய அன்று மாலை நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கறி ஒருவாறு ஆயிற்று. கொண்டை சரிந்து கண்ணை மூடியது. "இது ஆமையா?" என்று ஒரு பெண் குழந்தை மரியாதையாகக் கேட்டாள். ரூபி கதை சொன்னாள். தாய் போன பின் அவள் அந்தக் கதையை எடுத்தது அன்றுதான். மச்சான் பாதியில் எழுந்து பின்கதவால் வெளியே போய்விட்டார்.

"சேவல் எங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

எல்லோரும் தகரக் கூரையைப் பார்த்தோம். தட்டுகளில் கறி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கையும் நீளவில்லை. ரூபி என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் நான் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, என்னால் இயன்றவரை கூவினேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை, பயந்து போய்ப் பார்த்தார்கள்.

பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், அது பொட்டக்கோழிடா."