கப்பல் முகப்புப் பெண்ணுக்குப் புதுச் சாயம்

இருபத்தோரு வருடம் போர்ட்லாண்டில் கண்ணாடி விளக்குகளில் ரோஜாப்பூ வரைந்தவள் லவீனா தாக்ஸ்டர். தொழிற்சாலை மூடியபோது அவளுக்கு ஐம்பது வயது, கல்யாணமும் ஆகியிருக்கவில்லை. அப்போதுதான் வேலையில்லாத ஓவியர்களை அரசாங்கம் கூப்பிட்டது. பழைய பொருள்களை நீர்வண்ணத்தில் உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். விரிசல் இருந்தால் விரிசலோடு.

அப்படித்தான் ஜூன் மாதம் சியர்ஸ்போர்ட் என்ற துறைமுக ஊருக்கு வந்தாள். கப்பல் சமையற்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஆரின் பெட்டென்கில்லின் கொட்டகையில், கப்பல் ஒன்றின் முகப்பிலிருந்து கழற்றிய மரப்பெண் சிலை இருந்தது.

"வாங்கம்மா! நீங்க வர்றீங்கன்னு நேத்தே அவளை ரெடி பண்ணிட்டேன்" என்றார் ஆரின்.

சிலையின் கவுன் முழுக்கப் படகுக்கு அடிக்கிற பச்சை. உதட்டில் பளீரென்று சிவப்பு. லவீனாவுக்குப் பகீரென்றது. எண்பது வருடத்துப் பழைய சாயத்தை வரையத்தானே வந்திருந்தாள்!

"நல்லா இல்லையா?" அவர் குரல் இறங்கியது.

அவருடைய நகக்கண்களிலெல்லாம் பச்சை. அதைப் பார்த்த பிறகு அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அவளோட பழைய கவுன்தான் வேணும். சாயத்தைக் கரைக்க டர்பன்டைன் இருக்கா?"

"ஐயோ, கெடுத்துட்டேனா?"

"இன்னும் காயலை, தப்பிச்சோம். துணி கொண்டாங்க."

பொழுது சாயும்வரை இருவரும் துடைத்தார்கள். முகத்தை அவள், கவுனின் மடிப்புகளை அவர். மெல்ல மெல்ல வெளுத்த நீலம் தெரிந்தது. கூந்தலில் துளிப் பொன்னும்.

பிறகு இரண்டு வாரம் வரைந்தாள். மதியமானால் பானை நிறைய மீன் சூப் வரும்.

"முப்பது பேருக்குச் சமைச்ச கைம்மா. ஒருத்தனுக்குன்னா அளவே வரமாட்டேங்குது."

படம் முடிந்த அன்று அதை வெகுநேரம் பார்த்தார். "கன்னத்து விரிசலையாவது வரையாம விட்டிருக்கலாம். பாவம், பொம்பளை."

"உங்க மொட்டைத் தலைய முடியோட வரைஞ்சா அது நீங்களா?"

ஆரின் சிரித்த சிரிப்பில் கொட்டகைப் புறாக்கள் பறந்தன.

படம் வாஷிங்டனுக்குப் போயிற்று. அடுத்த வேலை ஆறு மைல் தள்ளி, பெல்ஃபாஸ்ட் என்ற பக்கத்து ஊரில். அங்கே அறை பார்த்திருப்பதாக அரசாங்க அலுவலகம் எழுதியது. வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டு, சியர்ஸ்போர்ட்டிலிருந்தே தினமும் பேருந்தில் போய்வந்தாள்.

அக்டோபரில் அவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் சூப்பைக் குடித்து முடித்துவிட்டு, "சரி" என்றாள்.